ஹாம்பர்க்: சனிக்கிழமை மத்தியானம் இறங்கினா ஞாயித்துக்கிழமை மீன் மார்க்கெட்டுல விடியணும்

ஜெர்மனிக்குச் சுத்திப் பார்க்க வர்ற நம்ம ஆட்கள்கிட்ட பிளான் என்னன்னு கேட்டா பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும், ஃப்ராங்க்ஃபர்ட்ல இறங்கி ஹைடல்பெர்க் கோட்டை, பிளாக் ஃபாரஸ்ட், மியூனிக், மலை மேல இருக்கிற நொய்ஷ்வான்ஷ்டைன் அரண்மனை, நாள் மிச்சமிருந்தா பெர்லின், அதோட ஃப்ளைட் ஏறிடுவாங்க. வடக்குப் பக்கம் யாரும் தலை வச்சுப் படுக்கறதில்ல. என் சித்தி பையன் ஹாம்பர்க்ல படிக்கிறான், அவனைப் பார்க்கப் போய்ப் போய்த்தான் அந்த ஊர் எனக்குப் பழக்கமாச்சு, இப்ப யார் ஜெர்மனி வந்தாலும் அரண்மனையை விட்டாலும் பரவாயில்ல ஹாம்பர்க்கை விட்டுடாதீங்கன்னு சொல்ற நிலைமைக்கு வந்துட்டேன்.

ஏன்னா அந்த ஊர்ல பார்க்க வேண்டிய இடம், சாப்பாடு, ராத்திரி வாழ்க்கை மூணுமே துறைமுகத்துக்குள்ளேர்ந்து வந்ததுதான். கப்பல்ல வேலை பார்த்தவன், மூட்டை தூக்கினவன், கயிறு முறுக்கினவன், மாசக்கணக்குல கடல்ல கிடந்துட்டு கையில சம்பளத்தோட இறங்கினவன், இவங்க எல்லாருக்கும் என்ன தேவைப்பட்டுச்சோ அதுதான் இன்னிக்கு டூரிஸ்ட் இடமா நிக்குது. இது மனசுல இருந்தா ஊர் நல்லாப் புரியும்.

கடல் பக்கத்துல இல்ல, அதைச் சொல்லிடறேன். வட கடல் அங்கேர்ந்து 100 கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருக்கு, எல்பே ஆறு வழியாத்தான் கப்பல் உள்ள வருது. ஆனா வர்ற கப்பல் சின்னது இல்ல, பத்தாயிரக்கணக்குல கன்டெய்னர் அடுக்கின ராட்சசக் கப்பல் ஊர் நடுவுல, நாம காபி குடிச்சிட்டு இருக்கிற இடத்துக்கு எதிர்க்க, மெதுவா நகர்ந்து போகும், பார்த்துட்டே இருக்கலாம். 1189-ல பார்பரோசா மன்னர் வரி இல்லாம கப்பல் விட்டுக்க உரிமை கொடுத்தார்னு ஒரு பட்டயம் இருக்கு, அந்தத் தேதியை வச்சுத்தான் வருஷா வருஷம் மே மாசம் துறைமுகத்துக்குப் பிறந்தநாள் கொண்டாடறாங்க. அந்தப் பட்டயம் பின்னாடி எழுதின போலின்னு வரலாற்று ஆய்வாளர்கள் எப்பவோ சொல்லிட்டாங்க, கொண்டாட்டம் மட்டும் நிக்கல, லட்சக்கணக்குல ஜனம் வருது, பாய்மரக் கப்பல் எல்லாம் வரிசையா வருது. மே முதல் பாதியில வர முடிஞ்சா அந்த வார இறுதியா பார்த்து வாங்க, ஹோட்டல் மட்டும் முன்னாடியே போட்டுடுங்க.

சனிக்கிழமை மத்தியானம் ஸ்டேஷன்ல இறங்கினா நேரா லாண்டுங்ஸ்ப்ரூக்கன் போயிடணும். படகுத்துறை அது, கிட்டத்தட்ட 700 மீட்டர் நீளத்துக்கு தண்ணியில மிதக்கிற மேடைகள், ஆத்துல தண்ணி ஏற ஏற மேடையும் ஏறும், வத்துனா இறங்கும். அங்க நிறைய படகுக்காரங்க துறைமுகச் சுற்றுலான்னு கூவிக் கூப்பிடுவாங்க. நானும் என் வீட்டுக்காரரும் அந்தப் பக்கம் நடக்க ஆரம்பிச்சதுமே தம்பி கையைப் பிடிச்சு இழுத்துட்டான்.

"அக்கா, முதல்ல 62 ஏறுங்க. அது டவுன் பஸ் மாதிரிதான், டே டிக்கெட் இருந்தா போதும்."

நிஜமாவே அதுதான் சரி. 62-ஆம் நம்பர் ஃபெர்ரி ஊர் போக்குவரத்துல சேர்ந்தது, மெட்ரோக்கு எடுத்த அதே டிக்கெட், ஜெர்மனி முழுக்க உள்ளூர் போக்குவரத்துக்குச் செல்லுற மாசப் பாஸான டாய்ச்லாண்ட் டிக்கெட் வச்சிருந்தா தனியா ஒண்ணும் வேண்டாம். மாடியில திறந்த இடத்துல நின்னுக்கிட்டா அரை மணி நேரத்துல ஃபிங்கன்வெர்டர் வரைக்கும் போகும், ஒரு பக்கம் மீன் மார்க்கெட் கட்டடம், மேட்டு மேல பழைய வீடுகள், இன்னொரு பக்கம் கப்பல் பழுது பார்க்கிற டாக், கிரேன், கன்டெய்னர் மலை. காத்து மட்டும் தாறுமாறா அடிக்கும், ஜூலை மாசமா இருந்தாலும் ஒரு ஜாக்கெட் வச்சுக்கோங்க, நடுவெயில்ல ஏறி நடுங்கிட்டே இறங்கினவங்களைப் பார்த்திருக்கேன்.

வழியில நொய்ம்யூலன்ல இறங்கினா ஒவல்கோனேன்னு ஒரு இடம், ஆத்தங்கரையில நிஜமான மணல் பீச். பழைய கப்பல் பைலட்டுகளும் கேப்டன்களும் வாழ்ந்த குட்டிக் குட்டி வீடுகள் வரிசையா இருக்கு, முன்னாடி ஒரு ஒத்தையடிப் பாதை, அதுக்குக் கீழ மணல். எதிர்க்கரையில கிரேன் கன்டெய்னர் எடுத்து வைக்கிற சத்தம் கேட்டுட்டே இருக்கும், இந்தக் கரையில குழந்தைங்க கால் நனைச்சு விளையாடும். அங்க ஒரு பெரிய பாறை கிடக்கு, 217 டன், 1999-ல ஆத்தைத் தூர் வாரும்போது கிடைச்சுது, பனியுகத்துல ஸ்வீடன் பக்கத்துலேர்ந்து பனிப்பாறை உருட்டிட்டு வந்தது, அதுக்கு 'கிழட்டு ஸ்வீடன்காரர்'னு பேரு வச்சு ஊர்க்காரங்க பிரியமா வச்சிருக்காங்க. எனக்கு ஹாம்பர்க்ல ஒரே ஒரு மணி நேரம்தான் இருக்குன்னு சொன்னா இந்தப் படகும் இந்த மணலும்தான் எடுத்துப்பேன்.

திரும்பி வந்து லாண்டுங்ஸ்ப்ரூக்கன் பக்கத்துலயே பச்சைக் குவிமாடம் போட்ட கட்டடத்துக்குள்ள நுழைஞ்சா பழைய எல்பே சுரங்கம். 1911-ல திறந்தது. அந்தக் கரையில இருந்த கப்பல் கட்டற யார்டுகளுக்கு ஆயிரக்கணக்குல தொழிலாளிங்க தினமும் போகணும், பனிக்காலத்துல படகு ஓடாது, அதுக்காக ஆத்துக்கு அடியில 24 மீட்டர் ஆழத்துல 426 மீட்டர் நீளத்துக்கு ரெண்டு குழாய் தோண்டினாங்க. தண்ணி உள்ள வராம இருக்க அழுத்தம் கூட்டின காத்துலதான் வேலை, மேல வரும்போது உடம்புக்குத் தாங்காம பல நூறு பேருக்கு நோய் வந்துச்சு, சில பேர் செத்தும் போனாங்க. சுவர் முழுக்க வெளிர் நிற டைல்ஸ், நடுநடுவுல மீன், நண்டுன்னு சுடுமண் சிற்பம். முன்னாடி காரையே லிஃப்ட்ல ஏத்தி இறக்குவாங்க, நடந்து போறவங்களுக்கு அன்னிக்கும் இன்னிக்கும் காசு கிடையாது. நடந்து அக்கரை போயி மேல வந்தீங்கன்னா மொத்த ஊரும் எதிர்க்க வரிசையா நிக்கும், போட்டோ எடுக்க இதைவிட நல்ல இடம் இல்ல. நிறைய பேர் சுரங்கத்தைப் பாதி வரைக்கும் பார்த்துட்டு திரும்பிடறாங்க, அப்படிப் பண்ணாதீங்க.

இதுக்குள்ள பசிக்கும். இப்பதான் மீன் பன். ஃபிஷ்ப்ரோட்ஷென்னு கேளுங்க, படகுத்துறை மேடையிலேயே வரிசையா கடை இருக்கு. மேல மொறுமொறுன்னு உள்ள மெத்துன்னு ஒரு பன், நடுவுல கீறி மீன், வெங்காயம், அவ்ளோதான் சமாச்சாரம். ஆனா எந்த மீன்ங்கிறதுல எல்லாம் இருக்கு. பிஸ்மார்க் ஹெரிங்னு கேட்டா வினிகர்ல ஊறின மீன், புளிப்பு தூக்கலா இருக்கும். மாட்யெஸ்னு கேட்டா முட்டை வைக்கிறதுக்கு முன்னாடி பிடிச்ச கொழுப்பு ஏறின இளம் ஹெரிங், லேசான உப்புத்தண்ணியில அதுவே பதமாகிடும், அடுப்புப் பக்கமே போறதில்ல. பச்சை மீனான்னு நம்ம ஆட்கள் தயங்குவாங்க, வேண்டாம், தைரியமா கடிங்க, நெத்திலிக் கருவாடு சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு இந்த உப்பு ஒண்ணும் புதுசு இல்ல, என்ன, இது வெண்ணெயா கரையும். அவ்வளவு துணிச்சல் வேண்டாம்னா பாக்ஃபிஷ், மாவுல முக்கிப் பொரிச்சது, ரெமுலாட் சாஸ் ஊத்திக் கொடுப்பாங்க, குழந்தைங்களுக்கு அதுதான் சரி. குட்டி இறால் வச்சதும் கிடைக்கும், விலை கூட, ஏன்னு கேட்டா வட கடல்ல பிடிச்சு கப்பல்லேயே வேகவச்ச இறாலைத் தோல் உரிக்கிறதுக்கு பெரும்பாலும் மொராக்கோவுக்கு லாரியில அனுப்பி திரும்பக் கொண்டு வர்றாங்க, விரல் நீளம் கூட இல்லாத இறாலுக்கு இவ்வளவு பயணம். ஒரு கையில பன்னைப் பிடிச்சிட்டு நின்னுட்டே சாப்பிடற சாப்பாடு இது, உட்கார நேரமில்லாத ஆளுக்குன்னே அளவெடுத்த மாதிரி. கடற்பறவைங்க மேல ஒரு கண் இருக்கட்டும், பின்னாடியேர்ந்து வந்து கையில இருக்கிறதைப் பிடுங்கிட்டுப் போயிடும்.

அடுத்து ஷ்பைஷர்ஷ்டாட், அதாவது கிடங்கு நகரம். இதுக்குக் குறைஞ்சது ரெண்டு மணி நேரம் ஒதுக்கணும், முடிஞ்சா இருட்டினதுக்கு அப்புறம் இன்னொரு தடவை வரணும். செங்கல் கட்டடம் செங்கல் கட்டடமா ஆயிரத்து ஐநூறு மீட்டர் நீளத்துக்கு வாய்க்கால் ரெண்டு பக்கமும் நிக்குது, எல்லாமே தண்ணிக்குள்ள அடிச்சு இறக்கின மரக்கம்பங்கள் மேல. 1883-ல வேலை ஆரம்பிச்சாங்க, 1888-ல கைசர், அதாவது ஜெர்மன் பேரரசர், வந்து திறந்து வச்சார், அதுக்கப்புறமும் 1927 வரைக்கும் கட்டிட்டே இருந்தாங்க. ஒவ்வொரு கிடங்குக்கும் ரெண்டு முகம், ஒண்ணு தெருவைப் பார்த்து, ஒண்ணு தண்ணியைப் பார்த்து. உச்சியில ஒரு கப்பி தொங்கும் பாருங்க, வாய்க்கால்ல தட்டைப்படகு வந்து நிக்க மேலேர்ந்து கயிறு இறங்கும், காபி, டீ, கொக்கோ, புகையிலை, மிளகு எல்லாம் அப்படியே மாடிக்கு ஏறும். சுங்க எல்லைக்கு வெளிய இருந்த இடம் இது, எத்தனை வருஷம் சரக்கு உள்ள கிடந்தாலும் வரி கட்ட வேண்டியதில்ல, வெளிய எடுக்கும்போதுதான் வரி. ஹாம்பர்க் வியாபாரிங்களைக் கிண்டலா 'மிளகு மூட்டைங்க'ன்னு சொல்ற வழக்கம் இன்னமும் இருக்கு, நம்ம மேற்குக் கடற்கரை மிளகு எவ்வளவு தூரம் போயி யாரைப் பணக்காரனாக்கியிருக்குன்னு அங்க நின்னு யோசிச்சேன்.

ஆனா இதைக் கட்டறதுக்கு அந்த இடத்துல குடியிருந்த கிட்டத்தட்ட 20,000 பேரைக் காலி பண்ண வச்சாங்க. டூர் கைடு இதை ஒரு வரியில சொல்லிட்டுப் போயிடுவார், எனக்கு அப்படிக் கடந்து போக முடியல. அதுல துறைமுகக் கூலிக்காரங்கதான் நிறைய, வேலை இடத்தை விட்டுத் தூரமா போக முடியாம பக்கத்துல ஏற்கனவே நெரிசலா இருந்த சந்துகள்ல நுழைஞ்சாங்க. கிடங்கு திறந்த நாலே வருஷத்துல, 1892-ல, காலரா வந்துச்சு. ஹாம்பர்க் அப்ப எல்பே தண்ணியை வடிகட்டாம அப்படியே குழாயில விட்டுட்டு இருந்தது, 8,000 பேருக்கு மேல செத்தாங்க. ஒட்டின மாதிரி இருக்கிற அல்டோனா அப்ப தனி ஊர், அதே ஆத்துத் தண்ணிதான், மணல்ல வடிகட்டிக் கொடுத்தாங்க, அங்க பாதிப்பு ரொம்பக் கொஞ்சம். தெருவோட ஒரு பக்கம் சாவு, எதிர்ப்பக்கம் பிழைச்சாங்க. அந்தச் சந்துகள்ல கடைசியா மிச்சமிருந்த ஒரு துண்டு கெங்கஃபியர்டெல்னு ஊர் நடுவுல இருக்கு, இடிக்க இருந்ததை 2009-ல கலைஞர்கள் உள்ள புகுந்து உட்கார்ந்து காப்பாத்தினாங்க. போனா ஒரு காபி குடிச்சிட்டு வாங்க.

கிடங்குப் பகுதியோட சுங்க விலக்கு எல்லாம் முடிஞ்சாச்சு, பெரிய துறைமுகத்துல மிச்சமிருந்த வரியில்லா எல்லையையும் 2013-ல எடுத்துட்டாங்க, 2015-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்தது. இன்னும் சில மாடிகள்ல ஈரான், ஆப்கான் கம்பள வியாபாரிங்க இருக்காங்க, காபி வறுக்கிற வாசனை வர்ற இடம் இருக்கு, நறுமணப் பொருள் மியூசியம் ஒண்ணு இருக்கு. மினியேச்சர் வுண்டர்லாண்ட்னு பொம்மை ரயில் உலகமும் இங்கதான், குழந்தைங்களோட வந்தா விடாதீங்க, ஆன்லைன்ல நேரம் புக் பண்ணிட்டுப் போங்க. ஒரு விஷயம் கவனிக்கணும், கடல் ஏற்ற இறக்கம் இங்க வரைக்கும் வருது, ஒரே நாள்ல தண்ணி மட்டம் 3 மீட்டருக்கு மேல மாறும், காலையில நிறைஞ்சு இருந்த வாய்க்கால் சாயங்காலம் சேறும் சகதியுமா கிடக்கலாம். சின்னப் படகுல கிடங்குகளுக்கு நடுவுல போகணும்னா தண்ணி இருக்கிற நேரம் பார்த்துத்தான் போக முடியும். இருட்டினா விளக்கு போடுவாங்க, பளிச்சுன்னு இல்லாம கீழேர்ந்து மங்கலா செங்கல் மேல விழும், போகன்ம்யூலன் பாலத்துல நின்னு பாருங்க, ரெண்டு வாய்க்கால் பிரியற மூக்குல ஒரு கோபுர வீடு, எல்லா போஸ்ட்கார்டுலயும் அதுதான்.

எல்ப்ஃபில்ஹார்மோனி பக்கத்துலயே இருக்கு, கொக்கோவும் டீயும் அடுக்கி வச்ச பழைய கிடங்கு மேல கண்ணாடி அலையைத் தூக்கி வச்ச மாதிரி ஒரு இசை அரங்கம். மக்கள் பணம் 77 மில்லியன் யூரோ போதும்னு சொல்லி ஆரம்பிச்சது 789 மில்லியன்ல முடிஞ்சு, 2010-ல திறக்க வேண்டியது 2017 ஜனவரியில திறந்தது. ஊர்க்காரங்க அவ்வளவு திட்டியிருக்காங்க, இப்ப அவங்களுக்கே அதுதான் பெருமை. வளைஞ்சு போற நீள எஸ்கலேட்டர்ல 37 மீட்டர் உயரத்துல இருக்கிற திறந்த மேடைக்குப் போயி சுத்தி வந்து பார்த்துட்டு இறங்கிடலாம்.

நிகோலாய் தேவாலயத்துக்கு மட்டும் அவசரமா போகாதீங்க. 1842-ல டைஷ்ட்ராஸேங்கிற தெருவுல பிடிச்ச தீ நாலு நாள் எரிஞ்சு பழைய ஊர்ல மூணுல ஒரு பங்கைத் தின்னுடுச்சு, இந்தத் தேவாலயமும் போச்சு. மறுபடி கட்டினாங்க, 1874-ல 147 மீட்டர் கோபுரம், கொஞ்ச காலம் உலகத்துலயே உயரமான கட்டடம் அதுதான். 1943 ஜூலையில ஆங்கிலேய, அமெரிக்க விமானங்கள் குண்டு போட வந்தப்ப அந்தக் கோபுரம்தான் அடையாளமா இருந்துச்சு. அந்த ஒரு வாரத்துல 30,000 பேருக்கு மேல செத்தாங்க, பெரும்பாலும் கிழக்குப் பக்கத் தொழிலாளி குடியிருப்புகள்ல. கோபுரம் விழல, கூரை விழுந்துச்சு, சுவரைப் போருக்கு அப்புறம் பெரும்பாலும் இடிச்சாங்க, மிச்சத்தை நினைவிடமா விட்டுட்டாங்க. கீழ இருக்கிற மியூசியத்துல குண்டு விழுந்த கதையை மட்டும் சொல்லாம, அதுக்கு முன்னாடி ஜெர்மனி மத்த ஊர்கள் மேல போட்ட குண்டையும் சேர்த்துச் சொல்றாங்க. அந்த நேர்மை எனக்குப் பெரிய விஷயமா பட்டுது. லிஃப்ட்ல 76 மீட்டர் மேல போகலாம், ஊர் மொத்தமும் தெரியும், ஏன் இந்த ஊர்ல இவ்வளவு புதுக் கட்டடம்னு அப்ப யாரும் சொல்லாமலே விளங்கும்.

மத்ததெல்லாம் வேகமா பார்க்கலாம். 647 அறை இருக்கிற டவுன்ஹால், ஆல்ஸ்டர் ஏரி, அந்த ஏரி அன்னப்பறவைகளைப் பார்த்துக்க 1674-லேர்ந்து ஊர்ச் செலவுல சம்பளம் வாங்கற ஒரு ஆள், குளிர்காலம் வந்தா அதுங்களைப் படகுல ஏத்தி உறையாத குளத்துக்குக் கூட்டிட்டுப் போவாங்க. மிஹெல் தேவாலயக் கோபுரத்துலேர்ந்து தினமும் காலை 10 மணிக்கும் ராத்திரி 9 மணிக்கும் ஒருத்தர் நாலு திசைக்கும் ட்ரம்பெட் வாசிப்பார், முன்னூறு வருஷத்துக்கு மேல நடக்குது, ஞாயித்துக்கிழமை மட்டும் மத்தியானம் 12 மணிக்கு. அப்புறம் நம்ம ஆட்களுக்கு ஒரு சேதி, ஹாம்பர்க் பல்கலைக்கழகத்துல தமிழ்ச் சுவடிகளை ஆராயறாங்க, பேராசிரியர் ஏவா வில்டன் குறுந்தொகை, நற்றிணைக்குச் சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பு கொண்டு வந்தவங்க. அந்தப் பல்கலைக்கழகத்தைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம் வரும்.

ராத்திரி சாப்பாட்டுக்கு பீஃப் சாப்பிடறவங்களா இருந்தா லாப்ஸ்கௌஸ் ஒரு தடவை கேளுங்க. உப்புல போட்ட மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், பீட்ரூட் எல்லாம் மசிச்சு ரோஸ் கலர்ல வரும், மேல ஆஃப்பாயில், ஓரத்துல சுருட்டின ஹெரிங், வெள்ளரி ஊறுகாய். பார்க்க நல்லா இருக்காது, சாப்பிட்டா நல்லா இருக்கும். கப்பல்ல மாசக்கணக்குல கெடாம இருக்கிற பொருளை மட்டும் வச்சு சமைச்சது, வைட்டமின் இல்லாம பல்லு போன மாலுமி கூட முழுங்கலாம்னு சொல்லுவாங்க. பீஃப் வேண்டாம்னா பான்ஃபிஷ், வறுத்த மீன், வறுத்த உருளைக்கிழங்கு, கடுகு சாஸ், எங்க வீட்டுக்காரர் எந்த ஹோட்டல் போனாலும் இதைத்தான் கேட்பார், தப்பே வராது. சைவம்னா துறைமுகப் பக்கம் கொஞ்சம் கஷ்டம், ஷான்ட்ஸென் பக்கம் போயிடுங்க, இல்லைன்னா ஸ்டேஷன் பின்னாடி ஷ்டைன்டாம் தெருவுல துருக்கி, ஆப்கான் கடைங்க இருக்கு. படகுத்துறைக்கு மேல போர்ச்சுகீசியர் பேட்டை ஒண்ணு இருக்கு, வேலைக்கு வந்து குடியேறினவங்க, பொரிச்ச மத்தி மீனும் முட்டைக் கஸ்டர்ட் டார்ட்டும் அங்க சாப்பிடணும், அங்கேயே ஒரே தெருவுல ஸ்வீடன், நார்வே, டென்மார்க், ஃபின்லாந்து மாலுமிகளுக்குன்னு தனித்தனியா நாலு தேவாலயம். காலையில காபியோட சாப்பிட ஃப்ரான்ஸ்ப்ரோட்ஷென், பட்டையும் சர்க்கரையும் வெண்ணெயும் வச்சு நசுக்கின பன், இந்த ஊர்ச் சொத்து. மத்த ஊர் பேக்கரியிலயும் வாங்கிப் பார்த்தேன், வர்றதில்ல.

இப்ப ராத்திரிக்கு வர்றேன். சாங்க்ட் பவுலிங்கிற பேட்டை, அதுல ரீப்பர்பான் தெரு, பார், கிளப், பாலியல் தொழில்னு பேர் போன இடம். பேரைச் சொன்னாலே நம்ம ஆட்கள் ஒரு மாதிரி சிரிப்பாங்க, அதுக்கும் மேல அந்த இடத்துல நிறைய இருக்கு. ஹாம்பர்க் கோட்டைச் சுவருக்கு வெளிய, அல்டோனாவுக்கு உள்ள வராம, ரெண்டு ஊருக்கும் நடுவுல கிடந்த நிலம் அது. ஊருக்குள்ள வேண்டாம்னு ஒதுக்கினது எல்லாம் அங்க போச்சு, கப்பலுக்குக் கயிறு முறுக்க நீளமா நேரான இடம் வேணும், அதனால கயிறு திரிக்கிறவங்க அங்க போனாங்க, அவங்க நடந்து நடந்து முறுக்கின பாதைதான் இன்னிக்கு ரீப்பர்பான், 930 மீட்டர். ஊர்க் கதவை ராத்திரி சாத்திடுவாங்க, 1860 கடைசி வரைக்கும் அந்த வழக்கம் இருந்துச்சு, கரையிறங்கின மாலுமிக்குக் கதவுக்கு வெளியிலதான் குடி, ஆட்டம், நாடகம் எல்லாம். பக்கத்துல அல்டோனா 1864 வரைக்கும் டென்மார்க் ராஜா கையில இருந்தது, அங்க யாரும் எந்த மதமும் கும்பிடலாம், சங்கத்துல சேராமலே தொழில் பண்ணலாம்னு விட்டிருந்தாங்க. அந்தச் சுதந்திரத்தோட பேர்லதான் க்ரோஸெ ஃப்ரைஹைட் தெரு இருக்கு, இன்னிக்கும் அந்தத் தெருவுல நியான் விளக்கு கிளப்புகளுக்கு நடுவுல 300 வருஷப் பழைய கத்தோலிக்கத் தேவாலயம் நிக்குது. லூத்தரன் ப்ராட்டஸ்டன்ட் ஊரான ஹாம்பர்க்குல கும்பிட இடம் கிடைக்காதவங்க இங்க வந்து கட்டினது. ராத்திரி போறவங்க அதைத் தாண்டித்தான் போறாங்க, நிமிர்ந்து பாருங்க.

அதே தெருவுலதான் பீட்டில்ஸ். 1960 ஆகஸ்ட்ல லிவர்பூல்லேர்ந்து வந்த அஞ்சு பசங்க, இந்திராங்கிற கிளப்புல தினமும் ராத்திரி நாலஞ்சு மணி நேரம் நின்னு வாசிச்சாங்க, தூங்கினது ஒரு சினிமாக் கொட்டகையில திரைக்குப் பின்னாடி இருந்த ஜன்னல் இல்லாத அறையில. அப்புறம் கைசர்கெல்லர், டாப் டென், 1962-ல ஸ்டார் கிளப். ஜார்ஜ் ஹாரிசனுக்கு 17 வயசுதான்னு தெரிஞ்சதும் நாடு கடத்திட்டாங்க, மறுபடி வந்தான். குடிச்சிட்டுக் கத்தற மாலுமிங்க முன்னாடி ராத்திரி ராத்திரியா வாசிச்சு வாசிச்சுத்தான் அவங்க கை பதமாச்சு. இந்திராவும் கைசர்கெல்லரும் இன்னும் இருக்கு, உள்ள போயி பாட்டு கேட்கலாம்.

ஒரு பொண்ணா அங்க ராத்திரி நடக்கிறது எப்படின்னு நிறைய பேர் கேட்டாங்க. கூட்டம் இருக்கிற மெயின் ரோட்டுல எனக்குப் பயமா இல்ல, டேவிட்வாஹெ போலீஸ் ஸ்டேஷன் அங்கேயே நடுவுல இருக்கு, ஆயுதத்துக்குத் தடை, வார இறுதி ராத்திரியில கண்ணாடி பாட்டிலுக்கும் தடை, வெள்ளி சனி ராத்திரி மெட்ரோ விடிய விடிய ஓடுது. குடிச்சவங்க நிறைய, இடிச்சிட்டுப் போவாங்க, பையைப் பத்திரமா பிடிச்சுக்கணும். ஹெர்பர்ட்ஸ்ட்ராஸேன்னு ஒரு சந்து ரெண்டு பக்கமும் இரும்புத் தட்டி வச்சு மறைச்சிருக்கு, அந்தத் தட்டி 1933-ல நாஜி ஆட்சி வச்சது, பெண்களும் 18 வயசுக்குக் கீழ இருக்கிறவங்களும் வர வேண்டாம்னு போர்டு. நான் அந்தப் பக்கம் போகல. அங்க வேலை பார்க்கிற பெண்களுக்கு அது வேலை, ஜெர்மனியில சட்டப்படி பதிவு பண்ணிச் செய்யற தொழில், அவங்களைக் காட்சிப்பொருளா பார்க்கவும் போட்டோ எடுக்கவும் யாருக்கும் உரிமை இல்ல. கூட வர்ற ஆம்பளைங்க கிட்டயும் இதைச் சொல்லியே கூட்டிட்டுப் போங்க. வாசல்ல நின்னு கையைப் பிடிச்சு உள்ள இழுக்கிற பார்களுக்குள்ள விலை கேட்காம போகாதீங்க, பில் எங்கேயோ போய் நிக்கும்.

ஷ்முக்ஸ்ட்ராஸேன்னு பக்கத்துல ஒரு சின்னத் தெரு. கப்பல்ல கரி அள்ளிப் போட வந்த சீன மாலுமிங்க தங்கி, சமையல் கடையும் சலவைக் கடையும் வச்சு ஒரு குட்டிச் சீனப் பேட்டையா இருந்த இடம். 1944 மே மாசம் நாஜி போலீஸ் சுத்தி வளைச்சு நூத்துக்கு மேல ஆட்களைப் பிடிச்சிட்டுப் போயி கட்டாய வேலை முகாம்ல போட்டாங்க, பல பேர் திரும்பல, அந்தப் பேட்டை அதோட முடிஞ்சுது. இப்ப ஒரு நினைவுப் பலகை மட்டும் இருக்கு. தம்பிதான் கூட்டிட்டுப் போயி காட்டினான், கொஞ்ச நேரம் யாரும் பேசல.

அப்புறம் எங்க போகலாம்னா, என்னோட தேர்வு பார்க் ஃபிக்‌ஷன். ஆத்துக்கு மேல மேட்டுல ஒரு பூங்கா, இரும்புல செஞ்ச பனைமரங்கள், கீழ கப்பல் பழுது பார்க்கிற டாக் முழுக்க வெளிச்சம். அந்த இடத்துல அடுக்குமாடி கட்ட இருந்தாங்க, குடியிருந்த ஜனங்க வருஷக்கணக்குல போராடி எங்களுக்குப் பூங்காதான் வேணும்னு அவங்களே வரைஞ்சு வாங்கினது. பக்கத்துக் கடையில அஸ்ட்ரா பியரோ ஃப்ரிட்ஸ் கோலாவோ வாங்கிட்டு வந்து உட்கார்ந்துக்கலாம், செலவே இல்ல. பாருக்குள்ள போனா மெக்சிகானர்னு ஒரு ஷாட் கேளுங்க, சாங்க்ட் பவுலியில பிறந்தது, தக்காளிச் சாறும் மிளகாய்க் காரமும் சாராயமும், ஜெர்மனியில காரம்னு நம்பி வாங்கக் கூடிய ரொம்பச் சில விஷயத்துல ஒண்ணு. டான்ஸ்னா அர்த்தராத்திரிக்கு முன்னாடி கிளப் பக்கம் போறது வேஸ்ட், உள்ள ஆளே இருக்காது. ஃபெல்ட்ஸ்ட்ராஸெ பக்கத்துல 1942-ல கட்டின ராட்சச கான்கிரீட் பங்கர் ஒண்ணு நிக்குது, விமானத்தைச் சுடறதுக்காகக் கட்டினது, இப்ப அதுக்குள்ள கிளப், மேல மரம் செடி வச்ச தோட்டம், 2024-லேர்ந்து வெளிப்பக்கமா சுத்தி ஏறி உச்சி வரைக்கும் போகலாம், அதுக்குப் பகல் வெளிச்சத்துல போங்க.

விடியற நேரம் தூங்கப் போயிடாதீங்க, இதுக்குத்தான் இவ்வளவு நேரம் சொன்னேன். ரீப்பர்பான்லேர்ந்து கீழ நடந்து இறங்கினா ஆத்தங்கரையில ஃபிஷ்மார்க்ட். 1703-லேர்ந்து ஞாயித்துக்கிழமை சந்தை, கோடையில காலை 5 மணிக்கு ஆரம்பிச்சு 9:30-க்கு முடிஞ்சிடும். பிடிச்ச மீன் கெட்டுப் போறதுக்குள்ள விக்கணும், சர்ச்சுக்கு மணி அடிக்கிறதுக்குள்ள கடையைக் கட்டணும், அந்தக் கணக்குதான் இன்னிக்கும். ராத்திரி முழுக்க ஆடிட்டு கண்ணு சிவந்து வர்ற பசங்களும், நல்லாத் தூங்கி எழுந்து கூடையோட வர்ற பாட்டி தாத்தாவும் ஒரே கடை முன்னாடி நிப்பாங்க. லாரி மேல நின்னு வியாபாரி கத்தற கத்து இருக்கே, புகை போட்ட விலாங்கு மீனை ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு பையில போட்டுட்டே போவார், விலை அதேதான், கூட்டம் கை தட்டும், சில நேரம் மீன் பறந்து வரும். 1896-ல கட்டின ஏல மண்டபத்துக்குள்ள இப்ப மீன் ஏலம் கிடையாது, காலை 6 மணிக்கு பேண்டு வாசிக்கிறாங்க, ஜனம் பெஞ்சு நடுவுல ஆடுது, ஒரு பக்கம் காபி, ஒரு பக்கம் பியர். இந்தச் சந்தை இடம் வெள்ளத் தடுப்புச் சுவருக்கு வெளிய இருக்கு, புயல் அடிச்சா ஆறு ஏறி வந்து மண்டபத்துக்குள்ளேயே புகுந்திடும். 1962 பிப்ரவரியில அப்படி ஏறின வெள்ளத்துல ஊர்ல 315 பேர் செத்தாங்க, அதுக்கப்புறம்தான் சுவரெல்லாம் உயர்ந்தது. ஆத்தோட கோபம் இந்த ஊருக்கு நல்லாவே தெரியும்.

மீன் வேண்டாம்னா பழக் கூடை வாங்குங்க. அன்னாசி, மாம்பழம், வாழை, திராட்சைன்னு ஒரு கூடை நிறைய, 9 மணி தாண்டினா விலை சரசரன்னு இறங்கும், ஆனா அப்ப நல்ல கூடை போயிருக்கும், 8:30 தான் சரியான நேரம்னு தம்பி கணக்கு. நவம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் சந்தை 7 மணிக்குத்தான் திறக்கும், அப்ப ரீப்பர்பான்ல ரெண்டு மணி நேரம் கூட ஓட்டணும், குளிருக்கு உள்ளாடை ரெண்டு போட்டுக்கோங்க, ஹோட்டல்ல காலையே செக்-அவுட்னு சொன்னா மத்தியானம் வரைக்கும் அறையை வச்சுக்கக் கேட்டு வாங்கிடுங்க.